படகைக் காப்பதா, படகுக் கூடத்தைக் காப்பதா?
ஸ்காட்லாந்துத் துறைமுகங்களின் மரப் படகுகள் குறித்து ஓர் ஆய்வு

1990களில் ஸ்காட்லாந்து மீனவர் ஒருவர் தன் சொந்தப் படகை உடைத்துக் காட்டினால் அரசு அவருக்குப் பணம் கொடுத்தது. கடலில் மீன் குறைந்துவிட்டது, பிடிக்கப் போகும் படகுகளோ மிகுந்துவிட்டன என்பது ஐரோப்பியப் பொது மீன்வளக் கொள்கையின் கணக்கு. படகுகளைக் குறைக்க பிரிட்டன் 1993இல் இழப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மீன்பிடி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, படகும் இல்லாமல் போக வேண்டும். படகை மீன்பிடிப்பு அல்லாத வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ள ஐரோப்பிய விதிகளில் இடம் இருந்தும், பிரிட்டன் உடைப்பதையே நிபந்தனை ஆக்கியது. ஓக் மரத்தில் வங்கு (விலாச் சட்டம்) வைத்து, லார்ச் பலகை அறைந்து, தச்சர்கள் மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய படகுகள் மண்வாரி இயந்திரத்தின் கீழே சில மணி நேரத்தில் விறகானது இப்படித்தான்.

அந்தக் காட்சி பலரை உலுக்கியது. படகுகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற குரல் அதன் பிறகு வலுத்தது. அது நியாயமான குரல்தான். ஆனால் அது முக்கியமான ஒன்றைக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். படகுகள் உடைபடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அவற்றைக் கட்டிய கூடங்கள் ஒவ்வொன்றாகக் கதவை மூடத் தொடங்கிவிட்டன. அதற்காகக் கண்ணீர் விட்டவர்கள் அதிகம் இல்லை.

இதைப் பற்றி எழுத்துக்குக் குறைவில்லை. ஓவியரும் எழுத்தாளருமான பீட்டர் ஆன்சன் கிழக்குக் கரையின் படகுகளையும் மீனவ மக்களையும் பற்றிய தன் நூலை 1930இல் வெளியிட்டார். எட்கர் மார்ச் 1952இல் பாய்மர வலைப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதினார். குளோரியா வில்சன் 1960கள் தொட்டு இயந்திரப் படகுகளைப் பதிவு செய்தார். மேற்குக் கரையின் வளைய வலை மீனவர்களின் வரலாற்றை ஆங்கஸ் மார்ட்டின் 1981இல் எழுதினார். இவர்களின் உழைப்பில்தான் நமக்கு இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கிறது. இருந்தாலும் மொத்தமாகப் பார்த்தால் படகின் உருவத்துக்கும் அதை ஓட்டியவர்களுக்கும் கிடைத்த பக்கங்கள் அதைக் கட்டிய ஓடாவிகளுக்குக் கிடைக்கவில்லை.

மாறிக்கொண்டே இருந்த மரபு

பாரம்பரியப் படகு என்றால் காலம் காலமாக மாறாத வடிவம் என்று நினைத்துவிடுவோம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் நடந்தது அதற்கு நேர்மாறு. அங்கே எந்த வடிவமும் இரண்டு மூன்று தலைமுறைக்கு மேல் ஆட்சி செய்ததில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரே விரிகுடாவை ஒட்டிய ஊர்களில் ஸ்காஃபி என்ற படகு இருந்தது. வளைந்த அணியம் (முன்முனை), நன்றாகச் சாய்ந்த பின்கட்டை, குட்டையான ஏரா (அடிக்கட்டை), ஒரு பலகையின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி நிற்கும் கிளிங்கர் கட்டு. அந்த ஊர்கள் பலவற்றில் துறைமுகம் என்று சொல்லத்தக்கது கிடையாது. கடலிலிருந்து வந்த படகைக் கற்கள் நிறைந்த கரையில் இழுத்து ஏற்ற வேண்டும். அதனால் படகு இலேசாக இருந்தே ஆக வேண்டும். கிளம்பும்போதே கால் நனைந்தால் ஆண்கள் இரவெல்லாம் குளிரில் வாட வேண்டுமே என்று பெண்கள் அவர்களை முதுகில் சுமந்து படகில் ஏற்றிவிடுவது அங்கே வழக்கம். தூண்டிலுக்கு இரை கோப்பதும், மீனைக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்பதும் அவர்கள் வேலைதான். படகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பெண்களை ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள். கரையில் அவர்கள் கை இல்லாமல் அந்தத் தொழில் ஒரு நாளும் நடந்திருக்காது.

தெற்கே ஃபைஃப் மாவட்டத்திலும் ஃபோர்த் முகத்துவாரத்திலும் ஃபைஃபி. அணியமும் பின்கட்டையும் செங்குத்து, ஏரா நீளம். நேர்க்கோட்டில் விரைந்து ஓடும், எளிதில் தடம் மாறாது. இடுங்கிய துறைமுகத்துக்குள் திருப்புவதுதான் பெரும்பாடு.

1848 ஆகஸ்ட் 18 இரவு வீசிய புயல் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டது. 124 படகுகள் போயின, 100 பேர் மாண்டார்கள். விக் துறைமுக வாயிலுக்கு வந்தும் உள்ளே நுழையப் போதிய தண்ணீர் இல்லாமல் கண்ணெதிரே மூழ்கியவர்கள் உண்டு. கடற்படை அதிகாரி ஜான் வாஷிங்டன் விசாரித்து அடுத்த ஆண்டு அறிக்கை தந்தார். திறந்த படகுகளுக்கு மேல்தளம் போட வேண்டும், எந்த நேரத்திலும் நுழையக்கூடிய ஆழமான துறைமுகங்கள் வேண்டும் என்றார். மீனவர்கள் உடனே இசைந்துவிடவில்லை. தளம் போட்டால் வலைக்கு இடம் குறையும், படகு கனக்கும், துடுப்புப் போடுவது சிரமம், செலவும் கூடுதல் என்றார்கள். அலுவலக மேசையில் அமர்ந்து பார்த்தால் பிடிவாதமாகத் தெரியும். கரையில் தோள் கொடுத்து அந்தப் படகை இழுக்க வேண்டியவர்களின் கணக்கு வேறு. துறைமுகம் சரியாகாத வரை கனமான படகு அவர்களுக்கு உதவாது.

துறைமுகங்கள் மெல்ல ஆழமாகின. சணல் வலை போய் இலேசான பருத்தி வலை வந்தது. ஒரே படகில் முன்னைவிட நீளமாக வலை விரிக்க முடிந்தது. அதற்குப் பெரிய படகு தேவைப்பட்டது. பெரிதாகக் கட்ட கிளிங்கர் ஒத்துவரவில்லை. பலகைகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டி, இடைவெளியைக் கலப்பத்துப் பார்த்து அடைக்கும் கார்வெல் கட்டுக்கு 1860களிலிருந்து கூடங்கள் மாறின. மேல்தளமும் அந்த அலையிலேயே வந்து சேர்ந்தது. அறிக்கை சாதிக்காததைப் பருத்தி வலை சாதித்தது என்று சொல்லலாம்.

1879இல் லாஸிமௌத்தில் வில்லியம் காம்பெல் 'நன்சச்' என்ற படகைக் கட்டினார். மொத்த நீளம் 52 அடி, ஏரா 39 அடி. ஃபைஃபியின் செங்குத்து அணியமும் ஸ்காஃபியின் சாய்ந்த பின்கட்டையும் ஒன்றில் சேர்ந்திருந்தன. கணவன் ஒரு வகையைக் கேட்டான், மனைவி மற்றதைக் கேட்டாள், இருவரையும் சமாதானப்படுத்தப் பிறந்ததே இந்த வடிவம் என்றொரு கதை அந்தப் பக்கம் வழங்குகிறது. உண்மையோ பொய்யோ, கேட்க நன்றாக இருக்கிறது. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஸூலு மக்களோடு பிரிட்டன் போரிட்டுக்கொண்டிருந்தது. படகுக்கும் ஸூலு என்றே பெயர் விழுந்தது. வேகத்தில் அதை வெல்ல அந்தக் கரையில் ஆள் இல்லை. தளம் நீளம், ஏரா குட்டை என்பதால் துறைமுகத்துக்குள் திரும்பவும் செய்தது.

ஸூலுவை 80 அடி வரை வளரவிட்டது நீராவிதான் என்பது வேடிக்கை. 1880களில் தளத்தின் மேல் சிறு கொதிகலனோடு நீராவிச் சுழல்தூண் வந்தது. வலையை இழுக்கவும், ஆள் பலத்தால் மட்டும் ஏற்ற முடியாத பெரும் பாயை ஏற்றவும் அது உதவியது. பாய்மரத்தை ஒழிக்கப்போகிற நீராவி, அதற்கு முன் இருபது ஆண்டுகள் அதை ஊட்டி வளர்த்தது. திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாயை இறக்கி, பாய்மரத்தின் மறுபக்கம் கொண்டுபோய், மீண்டும் ஏற்ற வேண்டும். இருட்டில், ஈரத் தளத்தில், காற்று முறுக்கும்போது அதைச் செய்தவர்களை நினைத்தால் ஸூலுவின் அழகைப் பற்றி வாய் ஓயாமல் பேசத் தயக்கமாக இருக்கிறது.

தளம் போட்ட படகு வந்துவிட்டதால் கடல் இரக்கம் காட்டிவிடவும் இல்லை. 1881 அக்டோபர் 14 அன்று தென்கிழக்குக் கரையில் வீசிய புயலில் 189 பேர் இறந்தார்கள். அவர்களில் 129 பேர் ஐமௌத் என்ற ஒரே ஊர்க்காரர்கள். வீட்டுப் பெண்கள் கரையில் நின்று பார்க்கப் பார்க்கப் படகுகள் பாறையில் மோதின. அங்கேயும் துறைமுக வாயில்தான் பாதி எதிரி.

வடக்குத் தீவுகளும் மேற்குக் கரையும்

கிழக்குக் கரை மட்டுமே ஸ்காட்லாந்து என்ற எண்ணம் இத்துறை எழுத்தில் ஓரளவு ஊறிப்போயிருக்கிறது. ஷெட்லாந்தின் கதை நார்வேயோடு பின்னியது. மரமே இல்லாத அந்தத் தீவுகளுக்கு 19ஆம் நூற்றாண்டு வரை நார்வேயில் அறுத்து வடிவம் கொடுத்த பலகைகள், பூட்டிச் சேர்ப்பதற்கு ஆயத்தமாக வந்து இறங்கின. முன்னும் பின்னும் கூர்மையான, ஆறு பேர் துடுப்புப் போடும் சிக்சரீன் படகில் நாற்பது மைல் வரை கடலுக்குள் போய் நீண்ட தூண்டில் கயிறு விட்டார்கள். அப்படிப் போனது பெரும்பாலும் விருப்பத்தால் இல்லை. நிலம் பண்ணையாருடையது. குத்தகைக்காரன் பிடித்த மீனை அவருக்கே விற்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1832 ஜூலைப் புயலில் 31 படகுகளும் 105 பேரும் போனார்கள். 1881 ஜூலையில் க்ளூப் பகுதியிலிருந்து போன 10 படகுகள் திரும்பவில்லை, 58 பேர் இறந்தார்கள். சிக்சரீனின் நேர்த்தியைப் போற்றும்போது இந்தக் குத்தகை முறையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதி வரலாறு.

லூயிஸ் தீவின் வடமுனையில் நெஸ் ஊரார் கட்டிய ஸ்கோ நீஷாக் என்ற படகு இதே நார்வே வழி வந்த உறவுக்காரி. ஒரே மக்லௌட் குடும்பம் தலைமுறைகளாக அதைக் கட்டியது. அந்தக் குடும்பத்தின் ஜான் மர்டோ மக்லௌட் 1994இல் 'ஆன் சுலேர்' என்ற புதுப் படகைக் கட்டினார். கூடம் நின்றுபோன பிறகும் கை மறக்கவில்லை என்பதால் அது முடிந்தது. அவர் கை இருந்தபோதே அதைக் கட்டச் சொல்லிக் கேட்டார்களே, அந்த முன்யோசனைதான் இங்கே பெரிது.

மேற்கே லாக் ஃபைன் கடற்கழியில் இரு படகுகள் சேர்ந்து மீன் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் வளைய வலை 1830களில் பிறந்தது. மிதவை வலைக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். 1851இல் சட்டம் தடை செய்தது, 1867இல் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் ரோந்துப் படகுகள் துரத்தியதும், துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம் மீனவர் இறந்ததும் நடந்தன. அந்த வலைக்கு ஏற்பச் சிறிய, வேகமாகத் திரும்பும் லாக் ஃபைன் ஸ்கிஃப் உருவாயிற்று. 1922இல் காம்பெல்டவுன் மீனவர் ராபர்ட் ராபர்ட்சன், நார்வேப் படகுகளைக் கண்டு கற்றதை வைத்து, இயந்திரம் பூட்டிய 'ஃபால்கன்', 'ஃப்ரிகேட் பேர்ட்' என்ற இணையைக் கட்டச் செய்தார். கட்டியது நாட்டின் மறு கரையில், ஃபைஃபின் சென்ட் மோனன்ஸ் ஊரில் இருந்த மில்லர் கூடம். வளைய வலைப் படகுகளின் பிற்காலப் பரம்பரை இந்த இணையிலிருந்து தொடங்குகிறது.

கூடத்துக்குள்

இந்தப் படகுகளில் பெரும்பாலானவை காகித வரைபடம் இல்லாமலே கட்டப்பட்டவை. ஓடாவி முதலில் கையளவு மரத்தில் படகின் ஒரு பாதியை மட்டும் செதுக்குவார். படகு கேட்டு வந்தவர் அதைக் கையில் வாங்கி, விரலால் தடவி, அணியத்தில் இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும், பின்னால் இன்னும் கொஞ்சம் மெலிவு வேண்டும் என்பார். அங்கே இரண்டு சீவல் போகும். இருவருக்கும் பிடித்ததும் அந்தப் பாதி மாதிரியின் அளவுகளைப் பெருக்கித் தரையில் முழு அளவில் கோடு இழுத்துக்கொள்வார்கள். கப்பல் கட்டும் தொழிற்சாலையில் பொறியாளர் வரைவதையும் தச்சர் கட்டுவதையும் பிரிக்கும் சுவர் இங்கே இல்லை.

அடுத்தது மரம். வங்குக்கு ஓக். நேரான ஓக் மரத்தை அறுத்து வளைவு எடுத்தால் நரம்பு குறுக்கே வெட்டுப்படும், அந்த இடத்தில் பிளக்கும். எனவே மரம் நிற்கும்போதே போய்ப் பார்த்து, வளைந்து வளர்ந்த கிளையும் தண்டும் சேரும் இடத்தைக் குறித்துவிட்டு வருவார்கள். வேலியோரம் தனியாக, காற்றடித்து முறுகி வளர்ந்த ஓக், தோப்புக்குள் நெட்டையாக வளர்ந்ததைவிட இதற்கு உகந்தது. மர வியாபாரி கழித்துக் கட்டும் மரம் ஓடாவிக்குப் பொன்.

மேல் பலகைக்கு லார்ச். இது ஸ்காட்லாந்தின் பூர்வீக மரம் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து, பெர்த்ஷயரில் அதோல் பிரபுக்கள் இலட்சக்கணக்கில் நட்ட பிறகே அது நாட்டு மரம்போல் ஆயிற்று. பிசின் நிறைந்தது, நீரில் நிலைத்து நிற்கும், நீளமாகக் கிடைக்கும். ஓக் வங்கின் மேல் லார்ச் பலகை என்பதே ஸ்காட்லாந்துப் படகின் முகவரி. பாரம்பரியத்தின் பாதி, இறக்குமதி செய்து நட்ட மரத்தில் நிற்கிறது.

பலகையை வளைப்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகையை நீண்ட மரப்பெட்டிக்குள் வைத்து நீராவி செலுத்துவார்கள். அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது நடைமுறைக் கணக்கு. பெட்டியைத் திறந்ததும் ஆறேழு பேர் தடித்த கையுறையோடு அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சில நிமிடங்களில் பலகை ஆறி விறைத்துவிடும், அதற்குள் அணியத்தில் ஒரு முனையைப் பற்றவைத்து, வங்கோடு வங்காக இறுக்கிக்கொண்டே பின்னால் போக வேண்டும். ஆணி போடும் இடம், முந்தைய பலகையோடு சேரும் கோணம் எல்லாம் பலகை பெட்டியில் இருக்கும்போதே தீர்மானமாகியிருக்கும். ஓடிக்கொண்டே யோசிக்க நேரம் கிடையாது. ஒரு முனையில் கால் அங்குலம் தவறினாலும் அந்த மரமும் அந்தக் காலை வேளையும் வீண்.

வங்குகளின் மேல் மெல்லிய நீளச் சட்டத்தைக் கட்டி, பத்தடி பின்னே போய்க் கண்ணை இடுக்கிப் பார்ப்பது அடுத்த கலை. எங்காவது புடைப்போ பள்ளமோ தெரிந்தால் வாச்சி என்ற செதுக்குக் கருவியால் மெதுவாகச் செதுக்குவார்கள். எத்தனை அளவுகோல் வைத்தாலும் கடைசித் தீர்ப்பு கண்ணுடையதே. பலகை முழுக்க ஏறிய பின் கலப்பத்து. தார் ஊறிய சணல் நாரைத் திரித்து, உளி போன்ற இரும்பால் இடைவெளியில் மரச்சுத்தியல் கொண்டு இறுக்க வேண்டும். தளர்ந்தால் நீர் கசியும், அளவுக்கு மீறி இறுக்கினால் பலகை வங்கை விட்டுப் பெயரும். அனுபவசாலிக்குச் சுத்தியலின் ஓசையே போதும். தளத்தின் இடைவெளிகளில் அதன் மேல் கீல் உருக்கி ஊற்றுவார்கள்.

ஓக் மரத்தின் துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணியைத் தின்னும். துத்தநாகம் பூசினால் தாமதமாகும், நிற்காது. ஆகவே இந்தப் படகுகள் நூறாண்டு நிற்கும் எண்ணத்தில் கட்டப்பட்டவை அல்ல. ஒரு மீனவனின் உழைக்கும் காலத்துக்குத் தாங்கினால் போதும், அப்புறம் மகன் புதிதாகக் கட்டிக்கொள்வான், அவன் காலத்துத் தேவைக்கு ஏற்ற வடிவத்தில். பாதுகாப்பு இயக்கம் இந்த அடிப்படையோடு இன்னும் முழுமையாக மோதிப் பார்க்கவில்லை.

வீழ்ச்சியின் வரிசை

1907இல் ஸ்காட்லாந்தில் 25 இலட்சம் பீப்பாய் ஹெர்ரிங் மீன் உப்பிட்டு ஏற்றுமதியானது. ஜெர்மனியும் ரஷ்யாவும் கிழக்கு ஐரோப்பாவும் வாங்கின. அந்தப் பணத்தில்தான் நீராவி வலைப் படகுகள் பெருகின. அவற்றின் விலை ஸூலுவைப்போலப் பல மடங்கு. குடும்பமாகச் சேர்ந்து பங்கு போட்டுப் படகு வாங்கிய மீனவர்கள் கடனுக்குள் போனார்கள். முதல் உலகப் போர் அந்தச் சந்தையைச் சிதைத்தது. நிலக்கரிச் செலவைத் தாங்க முடியாமல் பலர் பழைய ஃபைஃபிகளில் எண்ணெய் இயந்திரம் பூட்டிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு சிறிய தச்சு விவரம் பெரிய வரலாற்றுத் திரிபை உண்டாக்கியது. ஃபைஃபியின் செங்குத்துப் பின்கட்டையில் சுழல்விசிறி பொருத்துவது எளிது. ஸூலுவின் சாய்ந்த பின்பகுதியில் அது சரியாக அமையவில்லை. எனவே ஃபைஃபிகள் இயந்திரத்தோடு பிழைத்தன. ஸூலுக்கள் லாக் ஃப்ளீட் போன்ற கழிமுகச் சேற்றில் கைவிடப்பட்டு மக்கின. இன்று நமக்குக் காணக் கிடைக்கும் பெரிய பாய்மரப் படகுகளில் 1890இல் ஆர்ப்ரோத்தில் கட்டிய 'இசபெல்லா ஃபார்ச்சுனா', 1900இல் லெர்விக்கில் கட்டிய 'ஸ்வான்', 1902இல் சாண்ட்ஹேவனில் கட்டிய 'ரீப்பர்' மூன்றும் ஃபைஃபிகள். மிஞ்சியதைப் பார்த்து மரபு இதுதான் என்று முடிவு கட்டினால், இயந்திரம் பூட்ட வசதியாக இருந்தது எதுவோ அதையே மரபு என்று சொல்கிறோம்.

1930களிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் மரப் படகுக்கு இன்னொரு நல்ல காலம் வந்தது. போரின்போது கடற்படைக்கான மோட்டார் படகுகளை இந்தக் கூடங்கள் கட்டித் தந்தன. 1945க்குப் பின் அரசுக் கடனும் மானியமும் கிடைத்தன. ஃபோர்ப்ஸ், ஹெர்ட் அண்ட் மெக்கென்ஸி, வெதர்ஹெட், கர்வானில் நோபல், சென்ட் மோனன்ஸில் 1747 முதல் தொழில் நடத்திய மில்லர் என்று கூடங்களின் பெயர்கள் நீளும். 1970களில் எஃகு வந்தது. பெரிய இழுவலை, வலுவான இயந்திரம், தளத்தின் மேல் கூரை. இவற்றின் பாரத்துக்கு எஃகு பொருந்தியது, ஆட்களுக்கும் பாதுகாப்பு. மீனவர் எஃகுக்கு மாறியதைத் துரோகம்போல் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1848இலிருந்து அவர்கள் கேட்டது வீடு திரும்பும் உத்தரவாதம் ஒன்றைத்தான்.

இரண்டு படகுகள், இரண்டு கொள்கைகள்

ஆன்ஸ்ட்ரதர் ஊரில் 1969இல் திறந்த ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகம் இந்த விவாதத்தை ஓரிடத்திலேயே காட்டுகிறது. அங்கே கூரைக்குள் கிடக்கிறது 'ரிசர்ச்', 1903இல் பான்ஃபில் கட்டிய ஸூலு. பாய் இல்லை, கடலுக்குப் போவதில்லை. பழுத்த உடலை அப்படியே வைத்திருக்கிறார்கள். பலகைகளை மாற்றி ஓடவிட்டிருந்தால் அதில் பழைய மரம் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது ஐயமே. கட்டியவரின் வாச்சித் தடம் வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

'ரீப்பர்' மறுவழி. ஹெர்ரிங் பிடித்து, போரில் கடற்படைக்கு உழைத்து, ஷெட்லாந்தில் பெயர் மாறிச் சரக்கு ஏற்றி, 1970களில் அருங்காட்சியகத்துக்கு வந்தது. மரத்தை மாற்றி, பாய்மரத்தை மீட்டு, மீண்டும் கடலில் விட்டார்கள். ஒவ்வொரு பெரிய பழுதுபார்ப்பிலும் மூல மரம் குறைகிறது, செய்முறை அறிவு கூடுகிறது. பிரிட்டனின் தேசிய வரலாற்றுக் கப்பல் அமைப்பு தன் வழிகாட்டிகளில் இரண்டையும் ஏற்கிறது. காப்பாற்றவே முடியாத படகை முறைப்படி அளந்து, பிரித்து, பதிவு செய்துவிட்டு விட்டுவிடலாம் என்றும் சொல்கிறது. அது அறிவுள்ள நிலைப்பாடு.

எனக்கு 'ரீப்பர்' பக்கமே சாய்வு, காரணம் மரத்தின் குணம். கடல் உப்புநீர் மரத்தைக் காக்கும், மழைநீர்தான் அழுகவைக்கும். கரையில் ஏற்றி வைத்த படகின் பலகை காய்ந்து இடைவெளி விரியும், தளத்தின் வழியே மழை இறங்கி வங்கின் தலையை உளுக்கச் செய்யும். துறைமுக வாசலில் பூந்தொட்டிக்குத் துணையாக நிறுத்தப்படும் படகுகள் பத்துப் பதினைந்து ஆண்டில் ஏன் இற்றுப்போகின்றன என்பது ஓடாவிகளுக்குத் தெரியும், நகராட்சிகளுக்குத் தெரிவதில்லை.

இதற்கு வெளியே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதே அருங்காட்சியகம் 2009இல், ஃபேர் தீவின் சிறு படகை அடிப்படையாகக் கொண்டு, ஐயன் ஆட்ரெட் வடிவமைத்த 22 அடி சென்ட் அய்ல்ஸ் ஸ்கிஃபை அறிமுகப்படுத்தியது. ஒட்டுப்பலகைத் துண்டுகள் இயந்திரத்தில் வெட்டித் தொகுப்பாக வரும், ஊரார் சேர்ந்து பூட்டிக் கட்டி, நால்வர் துடுப்புப் போட்டுப் பந்தயம் விடுவார்கள். 2013இல் உல்லாபூலில் உலகப் போட்டியே நடந்தது. இன்று நூற்றுக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள். ஆசிரியையும் ஓய்வுபெற்ற எழுத்தரும் படகு கட்டுகிறார்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஒட்டுப்பலகைக்கு நீராவிப் பெட்டி வேண்டாம், வளைந்த ஓக்கைத் தேட வேண்டாம், கலப்பத்து வேண்டாம். ஊர் திரும்பக் கிடைத்தது, ஓடாவியின் தொழில் கிடைக்கவில்லை. 1993 முதல் போர்ட்ஸாயில் நடக்கும் பாரம்பரியப் படகு விழாவுக்கும் இதே எல்லை பொருந்தும்.

என் தீர்ப்பு இதுதான். பொதுப் பணம் குறைவாக இருக்கும்போது இன்னொரு உடலை இழுத்துவந்து நிறுத்துவது கடைசி வேலையாக இருக்கட்டும். முதல் பங்கு, மரப் படகை இன்னும் பழுது பார்க்கும் கூடங்களுக்கும் அங்கே சேரும் பயிலாளர்களின் சம்பளத்துக்கும் போக வேண்டும். இரண்டாவது பங்கு, மிச்சமிருக்கும் படகுகளை அளந்து பதிவு செய்வதற்கு. ஓடாவிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வேலை செய்வதைப் படம்பிடிப்பதும் அதில் அடக்கம். ஒரு முழு அளவு ஸூலுவைப் பழைய முறையில் புதிதாகக் கட்டுவது, பழைய படகுகள் பத்தைப் பூசி மெழுகுவதைவிடக் கூடுதலாகக் கற்றுத் தரும்.

மூன்றாவது பங்கு காட்டுக்கு. 2010 வாக்கில் ஸ்காட்லாந்தின் லார்ச் மரங்களில் ஃபைட்டோஃப்தோரா ராமோரம் என்ற நோய் கண்டறியப்பட்டது. தாக்கிய தோப்புகளை வெட்டச் சொல்லி அரசு ஆணையிடுகிறது, புதிதாக லார்ச் நடுவோர் குறைந்துவிட்டார்கள். படகுப் பலகைக்கு ஏற்ற லார்ச் முதிர அறுபது ஆண்டுக்கு மேல் ஆகும். துறைமுகப் பாரம்பரியத்துக்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் வனத்துறையையும் அந்த மேசைக்கு அழைக்க வேண்டும்.